ஒரே கதையைச் சொல்லும் பெரியவரிடம் என்ன கற்பது?

வணக்கம். சமூகப் பணிப் பாடத்துக்காக வாரந்தோறும் முதியோர் இல்லத்தில் நீங்கள் சந்திக்கும் 82 வயதுப் பெரியவர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளின் கதையையே மூன்று வாரங்களாகச் சொல்வதாகவும், குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

எழுத நிறையவே இருக்கிறது. முதியோர் பழையதை அசைபோடுவதை வெறும் மறதியாகக் கொள்ளாமல், வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான செயலாகக் காண வேண்டும் என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதினார். வயதை வைத்துக் காட்டப்படும் பாகுபாட்டுக்கு 1969-இல் ‘ஏஜிசம்’ என்று பெயரிட்டவரும் அவரே. எனவே அடுத்த முறை கதை தொடங்கும்போது தடுக்காமல், அன்று உடன் வந்தவர் யார், கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எந்தப் பெயரில் தயங்குகிறார் என்பதைக் குறித்து வையுங்கள்.

உரக்கப் பேசியும் அவருக்குப் புரியவில்லை என்றீர்கள். முதுமையில் பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்குவதால், கத்துவதில் பெரிய பயனில்லை (மாணவப் பருவத்தில் நானும் கத்தித்தான் பார்த்தேன்). வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசுங்கள். சற்றுமுன் கேட்டதையே அவர் மீண்டும் மீண்டும் கேட்டாலோ, பழகிய அறைக்கே வழி தடுமாறினாலோ, நீங்களே முடிவுக்கு வராமல் இல்லப் பொறுப்பாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.