முத்து என்று முதலில் சொன்னவன்

அமானுஷ்ய சக்தி எதுவும் இல்லாத கதாநாயகன் எதனால் அசாதாரணமானவன் ஆகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் நகைப் பட்டறையில் வளர்ந்த எனக்கு உடனே ஞாபகம் வந்தது சிலப்பதிகாரத்துப் பாண்டியன்தான். கண்ணகி இல்லையா என்பீர்கள். அவள் ஏவினால் தீக்கடவுளே வந்து நிற்கிறான். பாண்டியன் கடைசிவரை வெறும் மனிதன்.

அதுவும் பெரிய தப்பு செய்த மனிதன். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் அரசியின் சிலம்பைத் திருடியவன் கண்ணகியின் கணவன் கோவலன்தான் என்ற பொற்கொல்லன் பேச்சை நம்பி, சிலம்பு கோவலன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறான். விசாரணையே கிடையாது.

தெற்காவணி மூலவீதிப் பக்கம் அப்பாவின் பட்டறை. சின்ன வயதில் ஒருநாள், வாய் மூடிப் பற்றவைத்த வெள்ளித் தண்டை ஒன்றை என் காதருகே ஆட்டி, "உள்ள என்ன பரல் கிடக்கு, சொல்லு பார்ப்போம்" என்றார். கல் என்றேன், பிறகு மணி என்றேன். "சத்தத்தை வச்சுச் சொல்ல முடியாதுடா. செஞ்சவனுக்குத் தெரியும், உடையவளுக்குத் தெரியும். மத்தவன் உடைச்சுத்தான் பார்க்கணும்."

கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை அப்புறம் படித்தபோதுதான் அது உறைத்தது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. சிலம்பு அரசன் வசம் இருக்கிறது, இன்னும் உடைபடவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், எங்களுடையதும் மாணிக்கம்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சபையில் எதிர்த்துக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனால், நீ சொன்னது நல்ல சொல் என்று ஒப்புக்கொண்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே", எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று தானே சொல்லி, சிலம்பை வரவழைத்து அவள் முன்னால் வைக்கிறான். தன்னையே குற்றவாளியாக்கக்கூடிய சாட்சியத்தைத் தன் வாயாலேயே கொடுக்கிறான். எனக்கு அந்த இடம்தான் பெரிது, பிறகு அவன் உயிர் போவதைவிடவும் பெரிது. அவனுக்கு ஞானதிருஷ்டி இருந்திருந்தால் கோவலன் செத்திருக்க மாட்டான், சரி, ஆனால் அப்படி ஓர் அரசனை நான் மறந்தே போயிருப்பேன்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் சொல்கிறான்: "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்." பழி போட ஆள் இருக்கிறான், அதே வாக்கியத்தில் அவனைச் சொல்லவும் செய்கிறான், ஆனாலும் கள்வன் என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறான். அப்பா இதை வாசிக்கும்போது 'பொன்செய் கொல்லன்' வந்ததும் குரல் இறங்கிவிடும், நம்ம தொழில்காரன்டா அவன் என்பார். பிறகு 'யானே கள்வன்' என்பதை மட்டும் இன்னொரு தடவை வாசிப்பார்.