மெட்டுக்கு ஒன்று, மிக்சிங்குக்கு இன்னொன்றா?

கேள்வி: எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளின் புரொடியூசர் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கி, குறும்படங்களுக்கும் கோயில் பாட்டுகளுக்கும் அதில்தான் இசையமைக்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப். மிக்சிங்குக்கு (ட்ராக்குகளைச் சரிசெய்து ஒரே பாட்டாகக் கலப்பதற்கு) வேறு மென்பொருள் இருந்தால்தான் ஸ்டூடியோத் தரம் வரும் என்கிறான் கூட்டாளி. டவுனில் ஒரு கடையில் கியூபேஸ் என்ற இன்னொரு இசை மென்பொருளை 3,000 ரூபாவுக்குப் போட்டுத் தருவார்களாம். போடட்டா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த 3,000 ரூபா, உடைத்த பிரதியை உங்கள் லப்டொப்பில் ஏற்றிவிடுகிற கூலி. அதோடு சேர்ந்து வைரஸும் வரலாம், பிறகு அப்டேட்டும் கிடைக்காது.

கூட்டாளி சொல்வதில் பாதி சரி. மென்பொருளை மாற்றினால் சத்தம் மாறாது; எஃபெக்ட் எதுவும் போடாமல், ஒலியளவையும் இடது-வலது நிலையையும் (பான்) ஒரே மாதிரி வைத்து இரண்டிலும் கலந்து கேளுங்கள், காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆனால் வேலை மாறும். மெட்டுப் போடும்போது சின்த், சாம்பிளர் போன்ற மென்பொருள் வாத்தியங்கள் எல்லாம் திறந்து கிடக்கும், 8 ஜிபி மூச்சுவாங்கும். ஒவ்வொரு ட்ராக்கையும் வேவ் கோப்பாக எடுத்து வேறிடத்தில் திறந்தால் பாரம் குறையும், இன்னொரு நல்லது, பியானோவை மாற்றுவோமா என்று நோண்டிக்கொண்டிருக்கவும் முடியாது. இதற்கும் இரண்டாவது மென்பொருள் கட்டாயமில்லை, அதே எஃப்.எல்.லில் புதுப் புரொஜெக்ட் திறந்து ட்ராக்குகளைப் போட்டாலே போதும்.

எடுக்கும்போது கவனம் தேவை. நான் ஒருமுறை நாதஸ்வரத்தின் முன்னால் இருந்த வெறுமையை வெட்டிவிட்டு எடுத்து அனுப்ப, மிக்ஸ் செய்தவர் அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார். தவில் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம். ஆகவே எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும், 24 பிட் வேவ், குறும்படத்துக்கு என்றால் 48 கிலோஹேர்ட்ஸ். மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் ஒன்றுசேரும் இடம்) சத்தத்தை உச்சத்தில் தடுக்கும் லிமிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ரெம்போவை (பாட்டின் வேகம்) கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால் மிக்ஸ் செய்பவர் உங்களைத் திட்டமாட்டார்.

அப்படியும் தனி மென்பொருள்தான் வேண்டுமென்றால் ரீப்பரைப் பாருங்கள். எந்த வசதியையும் மறைக்காமல் 60 நாள் பார்க்க விடுகிறார்கள், தனிப்பட்ட பாவனைக்கும் ஆண்டு வருமானம் 20,000 டொலருக்கு உட்பட்ட தொழிலுக்கும் உரிமம் 60 டொலர். (60 நாளுக்குப் பிறகும் அது திறக்கும், அதற்காக ஓசியிலேயே ஓட்டாதீர்கள்.) டொலரில் கட்டவேண்டும் என்பதால், உங்கள் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேட்டுவிடுங்கள். எஃப்.எல்.லுக்கு ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம், அதற்கு இனிச் செலவில்லை.

என்னிடம் கேட்டால், இப்போது எதுவும் வாங்கவேண்டாம். எதில் கேட்டு மிக்ஸ் செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே? போனோடு வந்த இயர்போன் என்றால் அந்த 60 டொலரை ஒரு நல்ல ஹெட்போனுக்குச் சேருங்கள்.