சவுண்ட் கார்டு வழியாக ரிட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

ரிட்டி, அதாவது ஹாம் ரேடியோவில் டெலிபிரிண்டர் போல எழுத்துகளை அனுப்பும் முறை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரும் கால்சைனும் (ஹாமின் அடையாளக் குறி) வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மதுரை மாணவர்: அண்ணா, இப்போதுதான் ஹாம் லைசென்ஸ் வந்தது. ரிட்டிக்கு எந்த மென்பொருள் நல்லது? லேப்டாப்பில் ஹெட்போன் போடும் துளை ஒன்றுதான் இருக்கிறது. போதுமா?

வாழ்த்துகள் தம்பி. விண்டோஸ் என்றால் எம்எம்டிடிஒய். ஜப்பானின் மகோட்டோ மோரி எழுதியது, இலவசம். முகம் பழையதாக இருக்கும், ஆனால் காது கூர்மை. லினக்ஸ், மேக் என்றால் எஃப்எல்டிஜி.

அந்த ஒற்றைத் துளையை நம்பாதே. யுஎஸ்பி சவுண்ட் டாங்கிள் ஒன்று தனியாக வாங்கிக்கொள். ரிக்குக்கும் (ரேடியோ) டாங்கிளுக்கும் நடுவில், போக ஒன்று வர ஒன்று என 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு போட்டால் கிரவுண்ட் லூப் இரைச்சல் போய்விடும். ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து எடுக்காமல், ரிக்கின் பின்னால் இருக்கும் டேட்டா சாக்கெட்டிலிருந்து எடு. அப்போதுதான் ராத்திரி வீட்டார் தூங்கும்போது வால்யூமைக் குறைத்தாலும் டிகோட் (டோனை எழுத்தாக்குவது) நிற்காது. ஐசி-7300 மாதிரி புது ரிக் என்றால் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. ஒரு யுஎஸ்பி கேபிளோடு வேலை முடிந்தது.

ரிட்டி என்பது மார்க், ஸ்பேஸ் என்ற இரண்டு டோன்கள் மாறி மாறி ஒலிப்பது. அமைப்பு எண்கள் மூன்றுதான்: வேகம் 45.45 பாட் (செகண்டுக்கு இத்தனை பிட்), ஷிஃப்ட் (டோன்களின் இடைவெளி) 170 ஹெர்ட்ஸ், மார்க் டோன் 2125 ஹெர்ட்ஸ். எதையாவது தொட்டுக் குழப்பிவிட்டால், எம்எம்டிடிஒய்யில் ஹாம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்து, பழைய நிலைக்கு வந்துவிடும்.

45.45 என்ன கணக்கு என்று அடுத்து கேட்பாய். அமெரிக்காவின் நிமிடத்துக்கு 60 சொல் அடிக்கும் பழைய டெலிபிரிண்டர்களின் வேகம் அது; ஒரு பிட்டுக்கு 22 மில்லிசெகண்ட். டெலெக்ஸ் ஓடியது 50 பாட்டில். கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்று ஒரு தொழிற்சாலையே இருந்தது, தெரியுமோ? அந்த இயந்திரம் போட்ட சத்தத்தைத்தான் இப்போது நம் சவுண்ட் கார்டு பாடிக்கொண்டிருக்கிறது.

திருச்சியிலிருந்து: சிக்னல் பலமாக வருகிறது, சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் இரண்டு கோடும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் திரையில் வருவது எந்த மொழி என்றே புரியவில்லை.

சிக்னல் உங்களுக்குத் தலைகீழாக வருகிறது. ரேடியோ அலைவரிசையில் மார்க் மேலே, ஸ்பேஸ் கீழே இருக்க வேண்டும். லோயர் சைட்பேண்டில் (அலைவரிசைக்குக் கீழ்ப்பக்கம் அனுப்பும் முறை) ஆடியோ திரும்பிவிடும் என்பதால் மார்க் 2125, ஸ்பேஸ் 2295 என்று வரும். எம்எம்டிடிஒய் எதிர்பார்ப்பது இதைத்தான். ரிக் அப்பர் சைட்பேண்டில் இருந்தால் எல்லாம் மாறிப்போகும். ரிக்கை லோயருக்கு மாற்றுங்கள், அல்லது மென்பொருளில் ரிவர்ஸ் பொத்தானை அழுத்துங்கள். எஃப்எல்டிஜியில் அது ஆர்வி என்று இருக்கும்.

நம் ஊரில் இதில் ஒரு கூத்து உண்டு. "யுஎஸ்பியில் போடு" என்று ஒருவர் சொன்னால் கேபிளைச் சொல்கிறாரா, அப்பர் சைட்பேண்டைச் சொல்கிறாரா என்று தெரியாது. அதனால்தான் நான் அப்பர், லோயர் என்றே சொல்வது.

சேலத்திலிருந்து: டிகோட் நன்றாக வருகிறது. ஆனால் எல்லோரும் எனக்கு ரிப்போர்ட் "டி ஓ ஓ" என்று தருகிறார்கள். இது என்ன கோட்?

சிக்னல் மிக நன்று என்று சொல்லும் 599-தான் அது! ரிட்டி பயன்படுத்தும் பாடோ கோடில் ஐந்தே பிட், ஆக 32 நிலைகள். எழுத்தும் எண்ணும் அதற்குள் அடங்காது. அதனால் "இனி எண்", "இனி எழுத்து" என்று மாற்றிச் சொல்ல இரண்டு குறிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த "இனி எண்" குறி இரைச்சலில் தொலைந்துபோனால் எண்கள் எழுத்தாக அச்சாகும். கீபோர்டின் மேல் வரிசையைப் பாருங்கள்: 5-க்குக் கீழே டி, 9-க்குக் கீழே ஓ. போட்டிகளில் தரும் சீரியல் எண் புரியாமல் வந்தாலும் இப்படியே கீபோர்டைப் பார்த்துப் படித்துவிடலாம். இடைவெளி வந்ததும் எழுத்துக்குத் தானாகத் திரும்பும் வசதி யுஓஎஸ் என்ற பெயரில் இருக்கிறது. பொதுவாக அதைப் போட்டு வைப்பது நல்லது.

கோயம்புத்தூர் நண்பர்: நண்பரே, என் சிக்னல் அகலமாக இருக்கிறது, பக்கத்தில் எல்லாம் தெறிக்கிறது என்கிறார்கள். மென்பொருளில் எதை மாற்ற வேண்டும்?

மென்பொருளில் ஒன்றும் இல்லை. உங்கள் ஒலி அளவு அதிகம். எனக்கு வந்த கேள்விகளில் பாதி, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன.

முதலில் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை. ரிக்கில் ஸ்பீச் கம்ப்ரெஸரை அணையுங்கள். விண்டோஸில் "ஒலி மேம்பாடு" என்று இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிளேபேக் அளவை அடிமட்டத்துக்கு இறக்கி, டிரான்ஸ்மிட் போட்டு, மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஏஎல்சி (ஒலி அளவு மிஞ்சினால் ரிக் தானே குறைக்கும் ஏற்பாடு) முள் அசையத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதற்குச் சற்றுக் கீழே இறக்கி நிறுத்துங்கள். பவர் வேண்டுமென்றால் ரிக்கின் பவர் குமிழில் மாற்றுங்கள். அதுவும் 100 வாட் ரிக்கில் 50-க்கு மேல் போகாதீர்கள். பேச்சில் மூச்சு விட இடம் இருக்கும். ரிட்டியில் மார்க் இல்லையென்றால் ஸ்பேஸ், ஃபைனல்ஸுக்கு (ரிக்கின் பவர் டிரான்சிஸ்டர்கள்) ஓய்வே கிடையாது.

இன்னொரு தப்பு, நானே செய்தது. எஃப்எல்டிஜியில் வாட்டர்ஃபாலில் எங்கே கிளிக் செய்தாலும் அங்கே டிரான்ஸ்மிட் ஆகும், வசதிதான். ஒரு நாள் 830 ஹெர்ட்ஸ் பக்கம் கிளிக் செய்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "உங்களை இரண்டு இடத்தில் பார்க்கிறேன், இரண்டாவதில் கோடுகள் விலகி நிற்கின்றன" என்று ஒருவர் பொறுமையாக அடித்துக் காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்தது. என் டோன்கள் 745, 915. ஆடியோவை ஏற்றி வைத்திருந்ததால் அவற்றின் இரட்டிப்பு 1490, 1830 என்று உண்டாகி, ரிக்கின் ஃபில்டருக்குள்ளேயே விழுந்து ஆன்டெனாவுக்குப் போயிருக்கிறது. இடைவெளி 170 அல்ல, 340. டோனை 2125-இல் வைத்திருந்தால் அதன் இரட்டிப்பு 4250. ரிக்கின் ஃபில்டர் அதை வெளியே விடாது. அந்தக் காலத்தவர் உயர்ந்த டோனைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை.

அப்புறம், விண்டோஸின் "டிங்" சத்தம் காற்றில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிக்கோடு இணைந்த சவுண்ட் கார்டை ஒருபோதும் டீஃபால்ட் சாதனமாக வைக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மென்பொருளைத் திறந்த உடனே ரிக் தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை சார். காம் போர்ட்டை (சீரியல் இணைப்பு) திறக்கும்போது ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு கம்பிகளையும் கம்ப்யூட்டர் மேலே தூக்கிவிடும். அதில் ஒன்றில் உங்கள் பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் இணைப்பு) இருக்கிறது. ரிக்கின் மெனுவில் யுஎஸ்பி செண்ட் எந்தக் கம்பியில் என்று பாருங்கள், மென்பொருளிலும் அதையே கொடுங்கள், மற்றதைச் சும்மா விடச் சொல்லுங்கள்.

அவரே தொடர்ந்து: டோனை விட்டுவிட்டு எஃப்எஸ்கே போடலாமா?

போடலாம். ரிக்கே மார்க்கையும் ஸ்பேஸையும் உண்டாக்கும், ஒலி அளவுத் தொல்லையே இல்லை. ஆனால் யுஎஸ்பி-சீரியல் மாற்றிகள் பலவற்றுக்கு ஐந்து பிட்டும் 45.45-உம் ஒத்துவராது. எம்எம்டிடிஒய்யோடு எக்ஸ்ட்எஃப்எஸ்கே என்ற துணை நிரலைச் சேர்த்து, பிடிடி போர்ட் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் சமாளித்துவிடும். புதிதாக வருபவர்கள் முதலில் டோனிலேயே பழகுங்கள் என்பேன்.

ஈரோட்டிலிருந்து: விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு வாட்டர்ஃபால் கருப்பாகவே இருக்கிறது.

தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள், அணைந்திருக்கும். இல்லையென்றால் டீஃபால்ட் சாதனம் மாறியிருக்கும்.

சென்னையிலிருந்து: பேசிக்கொண்டிருக்கும்போதே நானும் எதிர்முனையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறோம். ஏன்?

இருவரிடமும், எதிர் சிக்னலைப் பின்தொடரும் ஏஎஃப்சியும், டிரான்ஸ்மிட்டையும் அதே இடத்துக்கு இழுக்கும் நெட்டும் போட்டிருக்கிறது. அவர் 10 ஹெர்ட்ஸ் தள்ளி வருகிறார், நீங்கள் பின்னால் போகிறீர்கள், அவர் உங்கள் பின்னால் வருகிறார். சிக்யூ (யாராவது பேச வருகிறீர்களா) என்று கூப்பிடுபவர் நெட்டை அணைத்துவிட்டு உட்கார வேண்டும், பதில் சொல்பவர் போட்டுக்கொள்ளலாம்.

மதுரை மாணவர் மறுபடியும்: 20 மீட்டரில் எங்கே கேட்பது அண்ணா?

14.083 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே தேடு. 14.080-இல் எஃப்டி4 என்ற வேறொரு டிஜிட்டல் முறையின் கூட்டம். 14.100-ஐ மட்டும் தொடாதே, அது உலக பீக்கன்களின் இடம். கொழும்பின் 4எஸ்7பி உட்பட 18 நிலையங்கள் ஒவ்வொன்றும் பத்து செகண்ட் முறைவைத்து ஒலிபரப்பும் அலைவரிசை. செப்டம்பர் கடைசி முழு வார இறுதியில் சிக்யூ உலக ரிட்டி போட்டி வரும். அன்றைக்கு டிரான்ஸ்மிட் செய்யாமல் ஒரு மணி நேரம் வெறுமனே டிகோட் செய்துகொண்டிரு. கேபிள் சரியா, லெவல் சரியா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். 73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்).