சிபிஎஸ் 35 இருக்கட்டும், பேதி எத்தனை நாளாக?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான்கு நாளாக அப்பாவுக்குத் தினம் ஆறு, ஏழு தடவை பேதி. பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், பரவாயில்லை." மீதிக் கடிதம் முழுக்க அப்பாவின் வாய்ப் புற்றுநோய் பயாப்சி அறிக்கையும், அதிலுள்ள "சிபிஎஸ் 35" என்ற எண்ணும்தான். நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதனால் இதைத் தனியாகவும் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். அப்பாவின் புற்றுநோய் மருத்துவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு மூன்று தவணை பெம்ப்ரோலிசுமாப் ஏறியிருக்கிறது. அந்த மருந்து புற்றுநோயை நேரடியாகக் கொல்வதில்லை. எதிர்ப்புச் செல்களுக்குப் போடப்பட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. பிரேக் போன செல்கள் சில சமயம் சொந்தக் குடலையே தாக்கும். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடுதலாகப் போனாலே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ரத்தமோ கடுமையான வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுதான். கிருமித் தொற்றா என்று மலத்தைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தொடங்குவார்கள், அடுத்த தவணையைத் தள்ளிவைப்பார்கள். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டால் குடலில் ஓட்டையே விழலாம். லோபரமைடு எண்ணிக்கையைத்தான் குறைத்துக் காட்டும், உள்ளே புண் அப்படியே இருக்கும். கேட்காமல் இனி ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். இந்த மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் இப்படி வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, அறிக்கைக்கு வருவோம். "பிடி-எல்1 சிபிஎஸ் 35, மேக்ரோபேஜ்களிலும் உள்ளது" என்ற வரியை இணையத்தில் தேடி, "ஆயுள் குறைவு" என்று படித்துவிட்டு மூன்று இரவு தூங்கவில்லை என்கிறீர்கள். அப்பா எவ்வளவு நாள் இருப்பார் என்பதுதானே உங்கள் கேள்வி? அதை இந்த எண் சொல்லாது.

வாய்ப் புற்றுநோயின் சதைத் துணுக்கைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புற்றுச் செல்கள் திட்டுத் திட்டாக இருக்கும். நடுவே அவரை விதை மாதிரி உட்கருவோடு குண்டு குண்டாகச் சில செல்கள். அவைதான் மேக்ரோபேஜ்கள், கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குகிறவை. பிடி-எல்1 என்ற புரதம் இருந்தால் செல்லில் பழுப்பு நிறம் ஏறும். பழுப்பேறிய புற்றுச் செல், லிம்போசைட் என்ற வெள்ளணு, மேக்ரோபேஜ் மூன்றையும் எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சிபிஎஸ். அதாவது மேக்ரோபேஜ் அந்தக் கணக்கிலேயே அடக்கம், அப்பாவுக்கென்று புதிதாக வந்த ஆபத்து இல்லை.

பிடி-எல்1 புரதம் டி செல் என்ற எதிர்ப்புச் செல்லைத் தட்டி உட்கார வைக்கும், மேலே சொன்ன பிரேக்கை அழுத்துவது இதுதான். அதனால் சில புற்றுநோய்களில் அது கெட்ட அறிகுறி, ஆனால் வேறு சிலவற்றில் நல்ல அறிகுறி. நீங்கள் படித்த கட்டுரை எந்தப் புற்றுநோய், என்ன சிகிச்சை எடுத்தவர்கள் என்று பார்த்தீர்களா? திரும்ப வந்த தலை, கழுத்துப் புற்றுநோயில் (வாய்ப் புற்றுநோயும் இதில் சேரும்) முதல் மருந்தாகப் பெம்ப்ரோலிசுமாபை மட்டும் தனியாகக் கொடுக்க சிபிஎஸ் குறைந்தது 1 இருக்க வேண்டும். 20-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் பயந்த 35-ஐப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இந்த மருந்தையே எழுதியிருப்பார்கள். பலனை அடுத்த ஸ்கேன் சொல்லும்.

சிடி47-ஐத் தடுக்கும் மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். "என்னைத் தின்னாதே" என்று மேக்ரோபேஜுக்குச் சொல்லும் புரதம்தான் சிடி47, சிவப்பணுக்களிலும் உண்டு, அதைத் தடுத்தால் ரத்தசோகை வரலாம். அதைத் தடுக்கும் மாக்ரோலிமாப் என்ற மருந்து ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகளிலேயே எதிர்பார்த்த பலன் தராமல் நின்றுபோனது.

பிடி-எல்1 உங்களுக்குப் பரம்பரையாக வராது. அப்பாவின் கையில் லேசான அரிப்புக்கு ஈரப்பதக் களிம்பு போதும், அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். அப்பாவுக்குக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்திப் பொடியை இப்போதே நிறுத்துங்கள். அப்பாவின் செல்களுக்குச் சக்தி குறையவில்லை, அவற்றைப் புற்று கட்டிப்போட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த டப்பாவையும், எத்தனை லோபரமைடு கொடுத்தீர்கள் என்ற கணக்கையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.