பக்கத்தில் இருப்பவரின் சம்பளம்: வாசகர் கேள்வி பதில்

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். செக்கிங்கில் மூன்று பேருக்கும் ஒரே ஷிப்ட் சம்பளம். அதில் கெட்டிக்காரர் ஒருவருக்கு மட்டும் ஷிப்டுக்கு 20 ரூபாய் கூட்டினேன். மற்ற இருவருக்கும் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனாலும் அடிக்கடி லீவு போடுகிறார்கள். ஏன்?

கைக்கு வரும் பணம் குறையவில்லைதான். பக்கத்தில் நிற்பவரோடு வைத்துப் பார்க்கும்போது அவர்கள் ஒரு படி இறங்கிவிட்டார்கள். இதைத்தான் ஒப்பீட்டு இழப்புணர்வு என்கிறோம்.

ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தசானி என்ற பொருளியலாளர்கள் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. 378 தொழிலாளர்கள், குழுவுக்கு மூன்று பேர், தினக்கூலி. சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் திறமைக்கேற்பச் சிறு வித்தியாசம். யார் எவ்வளவு செய்கிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேலைகளில், ஏற்றத்தாழ்வு வந்ததும் உற்பத்தி விழுந்தது. வருகை 18 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்று தெரிந்தும் வரவில்லை. சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் லாபம் என்ற விளையாட்டுகளிலும் அவர்கள் ஒத்துழைக்கத் திணறினார்கள். ஆனால் கூடுதலாக வாங்குபவர் கூடுதலாகச் செய்வது பளிச்சென்று தெரிந்த வேலைகளில் இந்த எதையும் காண முடியவில்லை.

உங்கள் சிக்கல் அங்கேதான். செக்கிங்கில் யாருடைய கை வேகம் என்பது வெளியே தெரியாது. கூட்டிய பணத்தைத் திரும்ப எடுக்காதீர்கள், மூன்றாமவரையும் இழப்பீர்கள். மூவரும் பார்த்த பீஸ்களை இரண்டு வாரம் பலகையில் எழுதுங்கள். கூடவே, பைனல் செக்கிங்கில் திரும்பி வந்த பீஸ்களையும் எழுத வேண்டும். எண்ணிக்கை மட்டும் இருந்தால் அவசரத்தில் டேமேஜ் தப்பிப் போகும். காலர் டி-ஷர்ட்டையும் சாதா பனியனையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள், அதுவே புதுச் சண்டையாகும். பிறகு ஓர் அளவை அறிவியுங்கள்: அதைத் தொடுகிற எவருக்கும் அதே 20 ரூபாய்.

சமூக நலனைக் கணக்கிடும்போது இந்த உணர்வை எண்ணாக மாற்ற முடியுமா? (பொருளியல் மாணவி, மதுரை)

முடியும். பொருளியலாளர் ஷ்லோமோ யிட்சாக்கி 1979-இல் காட்டிய வழி எளிது. ஐந்து குடும்பங்களின் மாத வருமானம், ஆயிரம் ரூபாயில்: 10, 20, 30, 40, 100. சராசரி 40. ஒவ்வொரு குடும்பத்துக்கும், தன்னைவிட மேலே இருப்பவர்களோடு உள்ள இடைவெளிகளைக் கூட்டி ஐந்தால் வகுங்கள். முதல் குடும்பத்துக்கு 10+20+30+90=150; வகுத்தால் 30. மற்றவர்களுக்கு வரிசையாக 22, 16, 12, 0. இவற்றின் சராசரி 16. அதைச் சராசரி வருமானமான 40-ஆல் வகுத்தால் 0.40, அதுதான் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு. அமர்த்தியா சென் முன்வைத்த நல அளவு, சராசரியிலிருந்து இந்த 16-ஐக் கழித்தது: 24.

இப்போது ஐந்தாம் குடும்பத்துக்கு மட்டும் 100 என்பது 150 ஆகட்டும். சராசரி 50 ஆகிறது, இழப்புணர்வு 24-க்கு ஏறுகிறது, நலன் 26. சராசரி 10 கூடியும் நலன் கூடியது 2 மட்டுமே. 'தனிநபர் வருமானம் உயர்ந்தது' என்ற செய்தியைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு குறை: இது ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் மனிதர்கள் ஒப்பிடுவது சொந்தக்காரர், அண்டைவீட்டார், உடன் வேலை செய்பவரோடுதான்.

இந்தியாவின் ஜினி மிகக் குறைவு என்கிறார்களே?

வீட்டு நுகர்வுச் செலவு பற்றிய 2023-24 அரசு ஆய்வில் கிராமங்களுக்கு 0.237, நகரங்களுக்கு 0.284. இவை செலவுக் கணக்கு. பணக்காரர்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிப்பதால் செலவில் இடைவெளி சுருங்கித் தெரியும். வேறு நாடுகளின் வருமான ஜினியோடு இதை வைத்துப் பேசுவது தவறு.

எல்லோர் சம்பளத்தையும் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் பொறாமை தீராதா?

காரணத்தைச் சொல்லாமல் தொகையை மட்டும் போட்டால் தீராது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு, சக ஊழியர் சம்பளத்தைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் தெரியப்படுத்தினார்கள் ஆய்வாளர்கள். தங்கள் பிரிவின் நடு அளவுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களிடம் மாற்றமே இல்லை. நார்வேயில் வரிப் பதிவேடுகள் 2001-இல் இணையத்துக்கு வந்தபின், பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் விரிந்தது. 2014 முதல், தன் வருமானத்தை யார் தேடிப் பார்த்தார் என்பதை உரியவரே அறியலாம் என்று அங்கே விதியை மாற்றினார்கள். தேடல்கள் பெருமளவு குறைந்தன.