ட்யூன் செய்த காருக்குத் தனி ட்ராக்‌ஷன் கன்ட்ரோல்: சேலம், ஏற்காடு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, என் டர்போ பெட்ரோல் காரின் ஈசியூவை (எஞ்சினை இயக்கும் கணினி) ரீமேப் செய்த, அதாவது சக்தி கூடும்படி அதன் நிரலை மாற்றிய பிறகு இரண்டாம் கியரிலும் முன் சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. தனியாகப் பொருத்தும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் இதை எப்படித் தடுக்கிறது?

பதில்: ஏபிஎஸ் சென்சார்களிலிருந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் அது படிக்கிறது. உங்கள் காரில் எஞ்சின் சுழற்றாத பின் சக்கரங்களே காரின் உண்மையான வேகத்தைச் சொல்கின்றன. பின் சக்கரம் 50 கி.மீ. வேகத்திலும் முன் சக்கரம் 60 கி.மீ. வேகத்திலும் சுழன்றால் ஸ்லிப், அதாவது காரின் வேகத்தைவிடச் சக்கரம் மிகையாகச் சுழலும் அளவு, 20 சதவீதம். உலர்ந்த தார்ச்சாலையில் டயர் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீத ஸ்லிப்பில்தான் மிகுதியான பிடிப்பைத் தருகிறது. ஆகவே ஸ்லிப்பை முற்றிலும் ஒழிப்பது நோக்கமன்று, அந்த எல்லையைத் தாண்டாமல் வைப்பதே நோக்கம். தாண்டியவுடன் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் தெறிக்கும் நேரம், பின்தள்ளப்படுகிறது. அது போதாதபோது சில சிலிண்டர்களில் ஸ்பார்க் நிறுத்தப்படுகிறது. இதன் பலன் அடுத்த எரிப்பிலேயே தெரியும். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டிலை மூடினாலோ, ஏற்கெனவே அழுத்தத்துடன் உள்ளே நிற்கும் காற்று தீரும்வரை எஞ்சின் இழுத்துக்கொண்டேயிருக்கும்.

கேள்வி (ஓமலூர்): கம்பெனியிலேயே வரும் அமைப்பு இருக்கும்போது இது எதற்கு?

பதில்: கம்பெனி அமைப்பு எஞ்சினை அடக்குவதோடு, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, மறுபக்கச் சக்கரத்திற்கும் இழுவை கிடைக்கச் செய்கிறது. தனியாகப் பொருத்துபவை பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே அடக்க வல்லவை. ஆனால் எவ்வளவு ஸ்லிப் வரை விடலாம் என்பதை நாமே நிர்ணயிக்கலாம், ட்ராக்கில் அதுதான் பயன். வளைவில் மிகையான வேகத்தில் நுழைந்த காரை அவற்றால் மீட்க முடியாது. இதைப் பொருத்தியதால் ஈஎஸ்பி (கார் நிலைதடுமாறாமல் காக்கும் அமைப்பு) வேண்டியதில்லை என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கேள்வி (ஏற்காடு): இந்தக் கருவியைப் பொருத்திய பின், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், டயர் வழுக்காதபோதே கார் திக்கித் திக்கி ஏறுகிறது. காரணம் என்ன?

பதில்: திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) 2.5 மீட்டர், பின் அச்சின் நடுப்புள்ளி ஓடும் வட்டத்தின் ஆரம் 8 மீட்டர் என்று கொண்டால், முன் அச்சின் நடுப்புள்ளிக்கு அது ஏறத்தாழ 8.4 மீட்டர். முன் சக்கரம் எஞ்சினால் ஓடும் காரில் இந்த 5 சதவீத வேறுபாட்டையும் கருவி ஸ்லிப் என்றே எண்ணுகிறது. ஆகவே ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அறிந்து எல்லையை உயர்த்தும் அமைப்பு தேவை. டயர்களையும் பாருங்கள்: முன்னும் பின்னும் விட்டத்தில் 2 சதவீதம் வேறுபட்டால், நேர்ச்சாலையிலும் அதே அளவு பொய்யான ஸ்லிப் நிலையாக இருக்கும். அடிவாரத்திற்குக் கீழே சமமான நேர்ச்சாலையில், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் சீரான வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கரங்களின் அளவீடும் ஒன்றாக வரும்படி திருத்திய பிறகே மலையேறுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): ஆல் வீல் டிரைவ் காரில்?

பதில்: ஒப்பிட்டுப் பார்க்க எஞ்சின் சுழற்றாத சக்கரம் இல்லை. ஜிபிஎஸ், முடுக்கமானி ஆகியவற்றைக் கொண்டோ, ஆர்பிஎம் (எஞ்சினின் சுழற்சி வேகம்) எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கொண்டோ கணிக்க வேண்டும். அடர்ந்த மரநிழலில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப இயலாது.

கேள்வி (சேலம்): கருவி வேலை செய்யும்போது சைலன்ஸரில் வெடிச்சத்தம் வருகிறது. எஞ்சினுக்குக் கேடா?

பதில்: சைலன்ஸருக்கு முன்னே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கே (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) முதல் கேடு. ஸ்பார்க் நிறுத்தப்பட்ட சிலிண்டரின் எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடக்கூடும். டைமிங்கைப் பின்தள்ளுவதும் புகையின் வெப்பத்தை உயர்த்துவதால் டர்போவின் டர்பைனும் வாடும். கருவி ஓயாமல் குறுக்கிட்டால் ரீமேப் தவறு என்றே கொள்வேன். முதலிரு கியர்களில் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைத்து மறுபடி மேப் செய்யச் சொல்லுங்கள். அதைச் சோதிக்க ஏற்காட்டுச் சாலை இடமன்று. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.