ஒரே மாதிரி இரண்டு போர்ப் பதக்கங்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் மதிப்பு அதிகம்?

பெரும்பாலும் காரணம் விளிம்பில் இருக்கும். பெயர் பொறித்த பதக்கம் என்றால், பெற்றவரின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் அதிலேயே பதிக்கப்பட்டது என்று பொருள். 1815 வாட்டர்லூ போருக்காகப் பிரிட்டன் வழங்கிய வெள்ளிப் பதக்கம் சாதாரணச் சிப்பாய் வரை எல்லோருக்கும் போனது, அவரவர் பெயரோடு. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால், விளிம்பில் சிப்பாய் எண்ணும் பொடி எழுத்தில் தெரியும். அந்த எண்ணை வைத்து ராணுவ ஆவணங்களில் தேடலாம். எந்தப் பட்டாலியன், எப்போது காயம்பட்டார், ஊர் திரும்பினாரா என்று ஒரு மனிதரின் கதை மெல்ல விரியும். சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான், வெள்ளியை அல்ல.

பழைய போட்டோவின் பின்பக்கம் யாரோ பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பது போலத்தான். எழுதாவிட்டால் அது யாரோ ஒருவரின் முகம், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயரே இல்லை. அப்போது கூடவே வரும் கடிதமும் சம்பளப் புத்தகமும்தான் சாட்சி. தயவுசெய்து அவற்றைப் பிரித்து விற்காதீர்கள்.

அப்புறம், பளபளவென்று தேய்த்தால் மதிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையத்தான் செய்யும், தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள எழுத்துகளும் மங்கும்.